கத்திரி வெயிலில் இழுக்காத பழைய லாரி

மே மாதம், பகல் இரண்டு மணி. சேலத்திலிருந்து தர்மபுரி நோக்கித் தொப்பூர் கணவாய் ஏறிக்கொண்டிருக்கிறது ஒரு பழைய லாரி. மார்கழியில் இதே பாரத்தோடு சிரமமில்லாமல் ஏறிய வண்டிதான். இப்போது கியரை இறக்கி இறக்கிப் பார்த்தும் மிதித்த மிதிக்கு இழுவை இல்லை. ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டு எடுத்தால் கொஞ்ச தூரம் நன்றாகப் போகிறது. பிறகு பழைய கதைதான். இரவில் ஓட்டினால் ஒரு புகாரும் இல்லை.

மறுநாள் முதலாளி வண்டியைப் பட்டறைக்கு விடுகிறார். ஒருவர் டீசல் பம்பைக் கழற்றச் சொல்கிறார். இன்னொருவர் ரேடியேட்டர் என்கிறார். மூன்றாமவர் இன்ஜினே தளர்ந்துவிட்டது, இறக்கிவிடலாம் என்கிறார். மூன்றுக்கும் காசு கொடுத்த பிறகும் வண்டி அதே ஏற்றத்தில் அதே இடத்தில் திணறுகிறது. இந்த அலைச்சலும் செலவும் வேண்டாம் என்பதற்காகவே இந்த அத்தியாயம்.

இங்கே சொல்வதெல்லாம் கணினிக் கட்டுப்பாடு இல்லாத, இயந்திர பம்பில் ஓடும் பழைய லேலண்ட், டாடா லாரிகளுக்கு. அந்தப் பம்புக்கு நம் பட்டறைகளில் மைக்கோ பம்பு என்றே பெயர். 2017 ஏப்ரலில் பி.எஸ்.4 விதி நாடு முழுவதும் வருவதற்கு முன் சாலைக்கு வந்த லாரிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குவோம். வெயில் புதிதாக ஒரு கோளாறை உண்டாக்குவது அரிது. ஏற்கெனவே பாதி கெட்டிருந்ததை அது காட்டிக்கொடுக்கிறது. எது பாதி கெட்டிருக்கிறது என்று வரிசையாகத் தேடினால் பத்தில் பல வண்டிகளுக்குப் பெரிய செலவே இருக்காது.

வெயில் வண்டியை என்ன செய்கிறது

மூன்று காரியங்கள் செய்கிறது.

முதலாவது, தண்ணீரை ஆறவிடாமல் தடுக்கிறது. ரேடியேட்டர் தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் இடையிலுள்ள வெப்ப வித்தியாசத்தை வைத்துத்தான் சூடு வெளியேறுகிறது. தண்ணீர் 90 டிகிரி, காற்று 25 டிகிரி என்றால் வித்தியாசம் 65. அதே காற்று 43 டிகிரி ஆனால் வித்தியாசம் 47 தான். ரேடியேட்டரின் வேலைத்திறனில் கால் பங்குக்கு மேல் அங்கேயே போய்விட்டது. கால் பங்கு குழாய்கள் அடைத்த ரேடியேட்டர் மார்கழியில் எப்படியோ சமாளித்துவிடும். கரூரிலும் வேலூரிலும் அனல் அடிக்கும் மே மாதத்தில் அதனால் முடியாது. அடைப்பு பழையது, தெரிய வந்தது இப்போது.

இரண்டாவது, காற்றை மெலிதாக்குகிறது. 20 டிகிரி காற்றோடு ஒப்பிட்டால் 42 டிகிரி காற்றில் அதே கன அளவுக்கு ஏறக்குறைய 7 விழுக்காடு எடை குறைவு. அவ்வளவு பிராணவாயுவும் குறைவு. நல்ல இன்ஜினில் இது பெரிதாகத் தெரியாது. ஏர் ஃபில்டர் அடைத்த இன்ஜினில் கரும்புகையாக வெளியே வரும்.

மூன்றாவது, டீசலை நீர்த்துப்போகச் செய்கிறது. பம்புக்குள் பிளஞ்சருக்கும் அதன் பேரலுக்கும் உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்குதான். தேய்மானத்தால் அந்த இடைவெளி கூடியிருந்தால், சூடேறி நீர்த்த டீசல் அதன் வழியே நழுவிவிடும். நாசிலுக்குப் போகவேண்டிய அளவு போகாது, இழுவை குறையும். நாசிலிலும் பம்பிலும் மிஞ்சிய டீசல் சூட்டோடு டேங்குக்குத் திரும்பி வருவதால், டேங்கில் டீசல் குறையக் குறைய மிச்சமிருப்பது இன்னும் வேகமாகச் சூடேறும்.

முதல் சோதனை: டிரைவரிடம் கேளுங்கள்

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் வண்டியை ஓட்டியவரை உட்காரவைத்துப் பேசுங்கள்.

“அண்ணே, முள்ளு ஏறுன பொறவு இழுவை போச்சா, முள்ளு ஏறாமயே போச்சா?”

இந்த ஒரு கேள்வி தேடலைப் பாதியாகக் குறைக்கும். வெப்பமானி முள் ஏறி, அதன்பின் இழுவை குறைந்தால் கோளாறு தண்ணீர்ப் பக்கம். முள் வழக்கமான இடத்திலேயே நிற்க, இழுவை மட்டும் குறைந்தால் டீசல், காற்று, அல்லது சக்கரத்தைப் பிடிக்கும் ஏதோ ஒன்று.

அடுத்த கேள்வி புகையைப் பற்றியது. ஏற்றத்தில் கண்ணாடியில் பார்த்தபோது என்ன நிறம்?

கரும்புகை என்றால் டீசல் போகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை. அல்லது டீசல் காலந்தாழ்ந்து அடிக்கிறது. புகையே இல்லாமல் இழுவை மட்டும் இல்லை என்றால் டீசலே போய்ச் சேரவில்லை. நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் வெண்புகை நிற்கவில்லை என்றால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறதா என்று சந்தேகப்படவேண்டும்.

மூன்றாவது கேள்வி: எவ்வளவு நேரம் ஓடிய பிறகு தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நிறுத்தினால் சரியாகிறது? பதிலை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் பயன்படும்.

தொடும் முன் பாதுகாப்பு

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி தளர்ந்த நொடியில் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிடுங்கள். மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். அது மெத்தென்று அமுங்கினால், கனத்த சாக்கை மடித்து மூடியின் மேல் போட்டு, முதல் படிவரை மட்டும் திருப்பி, ஆவி முழுதும் போன பிறகு எடுங்கள்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். இன்ஜின் ஓடும்போது ஃபேன் பக்கம் குனிகிறவர் தோளில் துண்டு இருக்கக்கூடாது. கேபினைத் தூக்கும் வகை வண்டியானால் தாங்கு கம்பி பூட்டியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கீழே தலை நீட்டுங்கள்.

முள் ஏறினால்: தண்ணீர்ப் பக்கம்

செலவில்லாததில் தொடங்கிச் செலவுள்ளதற்குப் போகவேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. முள் சொல்வது உண்மையா? பழைய வண்டியில் மீட்டரும் அதன் சென்சாரும் பொய் சொல்லும். மேல் ஹோஸ் நுழையும் இடத்தில் கையடக்க வெப்பமானியைக் காட்டி ஒப்பிடுங்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. தண்ணீர் மட்டம் சென்சாருக்குக் கீழே போய்விட்டால், இன்ஜின் தகித்துக்கொண்டிருக்கும்போதே முள் திடீரென்று இறங்கும். டிரைவர் நிம்மதியடைவார், இன்ஜின் பிடித்துவிடும். ஏறிய முள் காரணமில்லாமல் விழுந்தால் உடனே நிறுத்தவேண்டும்.

2. தண்ணீர் மட்டம். ஆறிய இன்ஜினில் பாருங்கள். தினமும் குறைகிறது என்றால் அது எங்கேயோ போகிறது. வாட்டர் பம்புக்கு அடியிலுள்ள சிறு துளை, ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டரின் அடித்தொட்டி ஆகிய மூன்றிலும் காய்ந்த உப்புத் தடம் இருக்கிறதா என்று தேடுங்கள். தண்ணீர் ஆவியாகிப் போனாலும் உப்பு அங்கேயே சாட்சியாக நிற்கும்.

3. காற்று போகும் வழி. கிரில்லுக்கு முன்னால் நின்று பாருங்கள். பெயர்ப்பலகை, கூடுதல் விளக்குகள், அலங்காரத் தகடு, மடித்துச் சொருகிய தார்ப்பாய், கயிற்றுச் சுருள் என்று எதெல்லாம் ரேடியேட்டரை மறைக்கிறதோ அதெல்லாம் கோடையில் இறங்கவேண்டும். பிறகு ரேடியேட்டரின் இதழ்களைப் பாருங்கள். வைக்கோல் தூசு, பஞ்சு, பூச்சி, சிமெண்ட் மாவு எல்லாம் அங்கேதான் சேரும். முன்னாலிருந்து தண்ணீர் அடித்தால் அழுக்கு உள்ளேதான் போகும். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, இதழ்கள் மடங்காத மென்மையான அழுத்தத்தில் அடிக்கவேண்டும். டர்போவும் இன்டர்கூலரும் உள்ள வண்டியில், இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள சந்தில்தான் முக்கால்வாசி அழுக்கு ஒளிந்திருக்கும்.

4. ஃபேன் பெல்ட்டும் கூண்டும். இரண்டு புல்லிகளுக்கு நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் பெல்ட் 10 முதல் 15 மில்லிமீட்டர்வரை இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினால் சூட்டில் வழுக்கும். உள்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தால், எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் வழுக்கும், மாற்றிவிடுங்கள். ஃபேனைச் சுற்றியுள்ள கூண்டு உடைந்ததென்று கழற்றி எறிந்த வண்டிகள் ஏராளம். கூண்டு இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் தன்னைச் சுற்றியிருக்கும் சூடான காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். தகரத்தில் ஒன்று செய்து மாட்டினாலும் பலன் உண்டு.

5. ரேடியேட்டர் மூடி. சின்னப் பொருள், பெரிய வேலை. மூடி அரை பார் அழுத்தம் பிடித்தால் தண்ணீர் ஏறக்குறைய 111 டிகிரியில்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்து, ஸ்பிரிங் தளர்ந்துபோனால் 100 டிகிரியிலேயே கொதித்து வழியும். வண்டி ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிப்போய் ஒட்டிக்கிடந்தால், மூடியில் காற்றை உள்ளே விடும் சிறு வால்வு சிக்கியிருக்கிறது என்று பொருள். உங்கள் வண்டிக்கு எத்தனை அழுத்தம் என்று பார்த்து அதே மூடியைப் போடுங்கள். கிடைத்த மூடியைப் போடுவதால் ரேடியேட்டரே பிளந்துவிடக்கூடும்.

6. ஹோஸ்கள். கீழ் ஹோஸ் வழியாகத்தான் வாட்டர் பம்பு தண்ணீரை உறிஞ்சுகிறது. சூட்டில் ரப்பர் தளர்ந்து, உள்ளிருக்கும் கம்பிச் சுருளும் துருப்பிடித்துக் கரைந்திருந்தால், ஆக்சிலேட்டரைக் கொடுக்கும்போது ஹோஸ் சப்பும். ஐடிலிங்கில் பார்த்தால் எதுவும் தெரியாது. ஒருவர் மிதிக்க, ஒருவர் எட்ட நின்று பார்க்கவேண்டும்.

7. தெர்மோஸ்டாட். கழற்றிக் கயிற்றில் கட்டி, அடியைத் தொடாதபடி தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். அதன்மேல் அச்சிட்ட வெப்பத்தில், பெரும்பாலும் 80 டிகிரியை ஒட்டி, திறக்கத் தொடங்கவேண்டும். திறக்கவில்லை என்றால் புதியது போடுங்கள். நம் ஊரில் இதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது தவறு. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் பக்கவழி மூடும். அதை எடுத்துவிட்டால் தண்ணீரின் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் பக்கவழியில் சுற்றிக்கொண்டிருக்கும். ஏற்றத்தில் சூடு கூடும். காலையில் இன்ஜின் சூடேற நேரமாவதால் லைனரும் ரிங்கும் தேயும்.

8. ரேடியேட்டரின் உட்புறம். போர்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டிய வண்டியில் குழாய்களுக்குள் சுண்ணாம்பு படிந்திருக்கும். வண்டியைச் சூடேற்றி நிறுத்தி, ரேடியேட்டர் முகத்தில் கையடக்க வெப்பமானியைக் கட்டம் கட்டமாக நகர்த்துங்கள். எங்கே திடீரென்று சூடு குறைகிறதோ அங்கே தண்ணீர் ஓடவில்லை. அப்படி இருந்தால் ரேடியேட்டர் கடையில் தொட்டியைப் பிரித்துக் குழாய்க்குழாயாகக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யவேண்டும். சுத்தம் செய்த பிறகு மறுபடி போர்த் தண்ணீரை ஊற்றினால் அந்தக் காசு வீண். கலந்து விற்கும் கூலண்டோ, காய்ச்சி வடித்த நீரில் சொன்ன அளவு கலந்த கூலண்டோதான் ஊற்றவேண்டும்.

9. ஹெட் கேஸ்கட். மேலே உள்ள எட்டும் சரியாக இருந்தால் மட்டும் இதற்கு வாருங்கள். ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் வரும் சில குமிழிகள் அடங்கிய பிறகும், மிதிக்க மிதிக்கக் குமிழி விடாமல் வந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிகிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீபோல இருந்தால் இனி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

இதோடு, சமீபத்தில் பம்பைக் கழற்றி மாட்டியிருந்தால் டைமிங் பின்தங்கியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். காலந்தாழ்ந்து எரியும் டீசலின் சூடு இழுவையாக மாறாமல் தண்ணீருக்கும் புகைக்குழாய்க்கும் போய்விடும். முள் ஏறுவதும் கரும்புகையும் சேர்ந்து வந்தால் இதை நினையுங்கள்.

முள் ஏறாமல், புகையும் இல்லாமல் இழுவை போனால்: டீசல் பக்கம்

ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். முள் நடுவிலேயே நிற்கிறது. புகை இல்லை. சுமார் 40 கிலோமீட்டர் ஓடிய பிறகு இழுவை படிப்படியாகக் குறைகிறது. அரை மணி நேரம் நிறுத்தினால் மறுபடி நன்றாக ஓடுகிறது. டிரைவர் சொன்னதிலேயே விடை இருக்கிறது: டீசல் போதிய அளவு வரவில்லை. பம்பைக் கழற்றலாமா? கூடாது. டேங்கிலிருந்து தொடங்கவேண்டும்.

இழுவை குறைந்த அந்த நேரத்தில் வண்டியை நிறுத்தி, டேங்க் மூடியை மெதுவாகத் திறவுங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். மூடியில் காற்று உள்ளே போவதற்கு ஒரு சிறு துளை உண்டு. அது அடைத்திருந்தால் டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, டீசலை விடாமல் பிடித்துக்கொள்ளும். மூடி தொலைந்து, பிளாஸ்டிக் பையைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டிய டேங்குகளிலும் இதேதான் நடக்கிறது. நிறுத்தினால் காற்று மெல்லக் கசிந்து சமமாகும். வண்டி ‘தானாகச் சரியாகும்’. பல ஆயிரம் ரூபாய் பம்பு வேலை என்று நினைத்தது ஒரு குண்டூசியில் முடியும்.

சத்தம் இல்லை என்றால் வரிசையாகப் போங்கள். டேங்குக்குள் உறிஞ்சு குழாயின் வலையில் கசடு, ஃபில்டரில் தண்ணீரும் பாசியும், ஃபீட் பம்பின் வால்வு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஃபில்டர் எப்போது மாற்றினோம் என்று நினைவில்லை என்றால் மாற்றவேண்டிய நேரம் கடந்துவிட்டது.

அடுத்தது காற்றுக் கசிவு. இது பலரை ஏமாற்றும் இடம். ஃபீட் பம்புக்குப் பிறகுள்ள குழாயில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டும், கண்ணுக்குத் தெரியும். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது; காற்று உள்ளே போகும். இடம் காய்ந்தே இருக்கும். வெயிலில் ரப்பர் இளகி, கிளிப் தளர்ந்து, செப்பு வாஷர் நசுங்கிய இடத்தில் காற்று நுழையும். ஃபீட் பம்புக்கு முன்னால் தற்காலிகமாக ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி இன்ஜினை ஓடவிடுங்கள். குமிழி ஓடினால், பின்னோக்கி ஒவ்வோர் இணைப்பாகப் புதிய வாஷர் போட்டு இறுக்குங்கள். நுழையும் வழியை அடைக்காமல், புகுந்த காற்றை மட்டும் தினமும் வெளியேற்றி ‘ஏர் எடுத்துக்கொண்டே’ இருப்பதால் பயனில்லை.

பம்பிலிருந்து டீசல் திரும்பிவரும் வழியிலுள்ள ஓவர்ஃப்ளோ வால்வையும் பாருங்கள். அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் பம்புக்குள் அழுத்தம் நிற்காது. சூடான டீசல் பிளஞ்சரை நிரப்பாது. சின்ன வால்வுதான், மாற்றிப் பார்க்க அதிகச் செலவில்லை.

ஆக்சிலேட்டர் இணைப்பையும் விடாதீர்கள். ஒருவர் முழுதாக மிதிக்க, பம்பின் நெம்புகோல் கடைசி ஸ்க்ரூவைத் தொடுகிறதா என்று பாருங்கள். காலடியில் புதிதாக விரித்த தடித்த மேட் மிதியைத் தடுத்திருக்கலாம். இன்ஜினை நிறுத்தும் கேபிள் முழுதாகத் திரும்பாமல் பாதி இழுத்தபடியே நின்றிருக்கலாம்.

கரும்புகையோடு இழுவை போனால்: காற்றுப் பக்கம்

ஏர் ஃபில்டரைத் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். விளக்கொளி தெரியவில்லை என்றால் காற்றும் போகாது. தட்டித் தட்டி மறுபடி மாட்டுவதால் தாள் கிழியும். கிழிந்த தாள் வழியாகப் போகும் மண் லைனரை அரைத்துவிடும். எண்ணெய்த் தொட்டி வகை ஃபில்டரானால் எண்ணெயை வழித்தெடுத்து, தொட்டியைக் கழுவி, கோடிட்ட மட்டம்வரை மட்டும் புது எண்ணெய் ஊற்றுங்கள்.

டர்போ வண்டியில் டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். சூட்டில் இளகிய ஹோஸில் உள்ள வெடிப்பு, பாரத்தோடு ஏறும்போது மட்டும் வாய் திறக்கும். நிறுத்திப் பார்த்தால் மூடியிருக்கும். வெடிப்பைச் சுற்றி எண்ணெய்க் கறை படிந்திருப்பதே அடையாளம். எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள வண்டியில் அதன் தகடு முழுதாகத் திறந்து நிற்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது பாதி மூடியபடி சிக்கினால் புகை வெளியே போகாது, புதுக்காற்று உள்ளே வராது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கரும்புகை நிற்கவில்லை என்றால்தான் நாசில்களைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பவேண்டும்.

இன்ஜின் நன்றாக இருந்தும் வண்டி நகரவில்லை என்றால்

இன்ஜின் தரும் இழுவையைச் சக்கரத்திலேயே பறிகொடுக்கும் வண்டிகள் உண்டு. சமதளத்தில் நான்கைந்து கிலோமீட்டர், பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி, தானாக வேகம் குறைந்து நிற்கவிடுங்கள். இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் டிரம் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். தொடவேண்டாம், கிட்டே போனாலே தெரியும். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கே பிரேக் பிடித்தபடி இருக்கிறது. திரும்பு ஸ்பிரிங் சோர்ந்திருக்கும், அல்லது கேம் ஷாஃப்ட் கிரீஸ் இல்லாமல் இறுகியிருக்கும், அல்லது அளவுக்கு மீறி இறுக்கி வைத்திருப்பார்கள். இதை விட்டால் டயர் தீப்பிடிக்கும்.

இன்ஜின் வேகம் ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது. மிதியில் தொடக்கத்தில் சும்மா இறங்கும் இடைவெளி இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

சூட்டில் ஸ்டார்ட் ஆகாத வண்டி

காலையில் ஒரே செல்ஃபில் பிடிக்கும். டீக்கடையில் கால் மணி நேரம் நிறுத்தினால் பிடிக்காது. இதில் இரண்டு வகை.

செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் பேட்டரி, அதன் முனைகள், சேசிஸுக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் பட்டை, கடைசியில் செல்ஃப் மோட்டார் என்று பாருங்கள். கோடையில் பேட்டரி தண்ணீர் விரைவாகக் குறையும். வாரம் ஒருமுறை பார்த்து, காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பம்பின் மேல் சந்தேகம் நியாயமானது. இன்ஜின் நின்றிருக்கும்போது, நனைத்த சாக்கைப் பம்பின் மேல் கால் மணி நேரம் போட்டுவைத்து, பிறகு செல்ஃப் அடியுங்கள். உடனே பிடித்தால் பிளஞ்சர் தேய்ந்திருக்கிறது. டீசல் ஆறிக் கெட்டியானதும் வேலை செய்கிறது. பம்பைக் கடைக்கு அனுப்ப இதுதான் உறுதியான சான்று. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பம்பின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். பம்பின் உடல் சட்டென்று சுருங்கிப் பிளஞ்சர் பிடித்துக்கொள்ளும்.

வழியில் முள் சிவப்பைத் தொட்டால்

ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே கியரை இறக்குங்கள். பெரிய கியரில் இன்ஜினைத் திணறவிட்டால் சூடு அதிகம் உண்டாகும், ஃபேனோ மெதுவாகச் சுற்றும். சிறிய கியரில் இன்ஜின் சீராகச் சுழன்றால் ஃபேனும் வாட்டர் பம்பும் சேர்ந்து வேகமெடுக்கும்.

அப்படியும் முள் சிவப்புக்குப் போனால் ஓரங்கட்டி, நியூட்ரலில் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிடுங்கள். சட்டென்று அணைத்தால் தண்ணீர் ஓட்டம் நின்று ஹெட்டில் சூடு தேங்கும். பெல்ட் அறுந்திருந்தாலோ, ஹோஸ் வெடித்துத் தண்ணீர் கொட்டியிருந்தாலோ மட்டும் உடனே அணைக்கவேண்டும். தகிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் ஹெட் வெடிக்கும். நன்றாக ஆறிய பிறகு, இன்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அப்படி நிறுத்தியிருக்கும்போது, சூடான டயரில் காற்று கூடிவிட்டதென்று இறக்காதீர்கள். ஆறியதும் குறைவான காற்றில் ஓடி, அடுத்த நாள் இன்னும் சூடேறும்.

மாசியிலேயே செய்யவேண்டியவை

- ரேடியேட்டரை வெளியே கழுவி, உள்ளே கூலண்ட் மாற்றுங்கள்.
- ஃபேன் பெல்ட், இரண்டு ஹோஸ்கள், ரேடியேட்டர் மூடி மூன்றையும் பாருங்கள். ஒரு பெல்ட் கூடுதலாக வண்டியில் இருக்கட்டும்.
- டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், இன்ஜின் ஆயில் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் நோட்டில் எழுதுங்கள்.
- டேங்க் மூடியின் துளையைக் குத்திவிடுங்கள்.
- எட்டாயிரம் கிலோமீட்டர் பழைய கிரீஸை நம்பாமல் பிரேக் கேம்களுக்குப் புது கிரீஸ் அடியுங்கள்.
- மே மாதத்தில் நண்பகலுக்கு முன் டேங்கைப் பாதிக்குக் கீழே போகவிடாதீர்கள்.
- ஆர்.சி.யில் உள்ள எடைக்கு மேல் ஒரு மூட்டையும் ஏற்றாதீர்கள். பழைய வண்டிக்குக் கோடையில் அதற்குக் குறைவாக ஏற்றுவதே நல்லது.

கடைசியாக, வண்டியின் முதலாளிக்கு ஒரு வார்த்தை. இந்த அத்தியாயத்தின் சோதனைகள் எல்லாம் டிரைவர் பார்த்ததையும் கேட்டதையும் நம்பித்தான் தொடங்குகின்றன. 42 டிகிரி வெயிலில், அதைவிடச் சூடான கேபினில், காலுக்குக் கீழே இன்ஜின் அனலோடு உட்கார்ந்து வண்டியின் ஒவ்வொரு மாற்றத்தையும் கவனிப்பவர் அவர். “லோடு நேரத்துக்குப் போய்ச் சேரணும், எப்படியாவது ஓட்டு” என்று ஃபோனில் சொன்னால் அவர் முள்ளைப் பார்த்தும் பார்க்காததுபோல் ஓட்டுவார். அன்று மிச்சமாகும் ஒரு மணி நேரத்துக்கு, ஹெட்டும் கேஸ்கட்டும் போய் இரண்டு வாரம் வண்டி பட்டறையில் நிற்கும். ஆகவே இந்தக் கோடையில் முதல் டிரிப்புக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்: “முள்ளு ஏறுச்சுன்னா நிறுத்திடுப்பா, லேட் ஆனா நான் பேசிக்கறேன்.”